இருநூற்றுப் பன்னிரண்டாம் பெட்டி

முதல் அடி விழுந்தபோது இராஜமாணிக்கம் குனிந்து பெட்டிக்கு அடிப்பலகை பொருத்திக்கொண்டிருந்தான். பொடனியில் விழுந்த அடி. நிமிர நேரமில்லாமல் முகம் நேராகப் பலகையில் போய் மோதி, மேலுதடு கிழிந்தது. இரண்டாவது அடி விழுந்த பிறகுதான் அடிப்பது யாரென்று தெரிந்தது. முதலாளி பவேஜா. பதினேழு வருஷமாக "மாணிக், மாணிக்" என்று தோளில் கை போட்டுப் பேசிய அதே மனுஷன்.

நாலடி தள்ளி உட்கார்ந்து பேரிங்குகளை எண்ணெய்த்தாளில் சுற்றிக்கொண்டிருந்த அருக்காணிக்குக் கண்ணில் கண்டது மண்டையில் ஏறவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் அந்தக் கரோல் பாக் பேஸ்மென்டில் ஒன்றாக வேலை பார்ப்பவர்கள். அவன் பெட்டி அடிப்பான், அவள் சரக்கைச் சுற்றி அடுக்கி மூடி போடுவாள். ஜூன் மாதம். மேலே சந்தில் லூ காற்று ஆளை வறுத்தெடுத்தது. கீழே தண்ணீரில்லாத கூலர் வெறும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அந்தப் புழுக்கத்தில் பவேஜா தன் செல்போனை இராஜமாணிக்கத்தின் மூக்குக்கு முன் நீட்டி, "இதை எழுதியது எவன்?" என்று இந்தியில் கத்தினான்.

போனில் ஒரு போட்டோ. இடிந்த சுவர், கரி பிடித்த இரும்பு, நடுவில் பிளந்து கிடந்த ஒரு மரப்பெட்டி. மூடியின் உள்பக்கத்தில் நீல மார்க்கரில் நாலு வரி. மேலே பிள்ளையார் சுழி, அதன் கீழே பெ. இராஜமாணிக்கம். கரோல் பாக். பெட்டி 212.

அருக்காணி எட்டிப் பார்த்தாள். அது அவள் எழுத்து.

ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் மூட்டை கட்டும் வீட்டில் பிறந்தவள் அவள். மண்டிக்குப் போகிற மூட்டையில் பேரும் ஊரும் எழுதாமல் அனுப்புகிற வழக்கம் அந்த ஊரில் கிடையாது. எழுதாத மூட்டை எவன் மூட்டையோடும் கலந்துபோகும், பிறகு நெஞ்சில் அடித்துக்கொண்டாலும் வராது. டில்லிக்கு வந்தும் அந்தப் புத்தி போகவில்லை. ஒருமுறை பெட்டியில் சரக்கு குறைகிறதென்று அவர்கள் தலையில் பழியைப் போட்டார்கள். அன்றையிலிருந்து மூடி அறையும் முன்னால் உள்பக்கம் பிள்ளையார் சுழி போட்டு, புருஷன் பேரையும் இடத்தையும் பெட்டி நம்பரையும் எழுதிவிடுவாள். மூடி கவிழ்ந்துவிட்டால் யார் பார்க்கப் போகிறார்கள்?

பார்த்துவிட்டார்கள். இரண்டு வருஷமாக வெளிநாட்டு பேரிங்குகளைக் கம்பெனி டப்பாவிலிருந்து உருவி, மொட்டையாகச் சுற்றி, 'டிராக்டர் உதிரிபாகம்' என்று லேபிள் ஒட்டி கிர்கிஸ்தானுக்கு அனுப்பிக்கொண்டிருந்தான் பவேஜா. அங்கே இருந்த டிராக்டர் கம்பெனி வெறும் பேர்ப்பலகை. சரக்கு நேரே ரஷ்யாவுக்குப் போய், ஆயுதம் செய்கிற பட்டறைக்குள் நுழைந்தது. அங்கே போரில் குண்டு விழுந்தது, பெட்டி பிளந்தது, எவனோ படம் பிடித்துப் போட்டான். எந்த ஊர்த் தமிழனோ அதைப் படித்து அர்த்தம் சொன்னான். அந்தப் பேரையும் இடத்தையும் வைத்துத் தேடி, அமெரிக்கா பவேஜாவின் கம்பெனியைத் தன் தடைப் பட்டியலில் ஏற்றிவிட்டது. பெட்டியின் வெளியே ஒரு எழுத்து விடாமல் சுரண்டி அனுப்பிய கெட்டிக்காரனுக்கு உள்ளே பார்க்கத் தோன்றவில்லை.

"யார் எழுதியது?" பவேஜா ஆணி பிடுங்கும் கம்பியைக் கையில் எடுத்தான்.

அருக்காணி எழுந்தாள். வாய் திறப்பதற்குள் இராஜமாணிக்கம் ரத்தத்தைத் துப்பிவிட்டு, "மைனே லிக்கா" என்றான். நான்தான் எழுதினேன்.

கம்பி அவன் முதுகில் இறங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று. அவள் குறுக்கே விழுந்தாள். நாலாவது அவள் தோளில் பட்டது. அதோடு கம்பியைக் கடாசிவிட்டு பவேஜா மேலே ஏறிப் போனான்.

அத்தோடு விட்டதா? படியேறி வந்தால் சந்தில் கூட வேலை செய்தவர்கள் நின்றார்கள். சற்று முன்னால்தான் மேலே வைத்து அந்தப் பத்தொன்பது பேருக்கும் கணக்கு முடித்திருந்தான் பவேஜா. பேங்க் கணக்கு முடங்கியாயிற்று, கப்பல் ஏஜென்ட் பெட்டியைத் தொடமாட்டேன் என்கிறான், இனி வேலை கிடையாது. காரணம் என்ன? 'மதராஸி எழுதின எழுத்து.' முதலில் ஒருவன் தள்ளினான், பிறகு எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். அருக்காணி கொண்டுவரும் அரிசிம்பருப்பு சாதத்தில் தினமும் மத்தியானம் பங்கு கேட்டு வாங்கித் தின்பவன்தான் விலாவில் உதைத்தான். அவள் டிபன் கேரியரைச் சுழற்றி அவன் காதோடு ஒன்று வைத்தாள். அவன் அவள் முடியைப் பிடித்து சுவரில் மோதினான். எதிர்க்கடைக்காரர்கள் ஓடிவந்து விலக்கிவிடும்வரை அடிதான், உதைதான்.

மெட்ரோவில் அவர்கள் பக்கத்தில் ஒருத்தரும் உட்காரவில்லை.

மயூர் விஹார் மூன்றாம் ஃபேஸில், மாடியில் இரண்டு அறை. மகள் கவிதா பி.காம். கடைசி வருஷம். கதவைத் திறந்தவள் அப்பாவின் முகத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். உப்பை வறுத்துத் துணியில் கட்டி அருக்காணி ஒத்தடம் கொடுத்தாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு குப்புறக் கிடந்தான். முதுகில் கம்பி விழுந்த இடமெல்லாம் வரிவரியாக வீங்கிக் கிடந்தது.

"ஏனுங்க, எதுக்கு அப்புடிச் சொன்னீங்க? நான் எழுதுனது தானுங்க அது."

"வாய மூடிட்டு ஒத்தடம் குடு."

"நான் சொல்லிப்போடறேன். எனக்கு மனசு கேக்குலீங்க."

"சொல்லி?" அவன் முகத்தைத் திருப்பினான். ஒரு கண் மூடிப்போயிருந்தது. "என்னைய அடிச்ச அடிய உன்னைய அடிப்பான். நீ தாங்குவியா? பேரு என்ற பேரு தான. நான் எழுதுனேன்னா எழுதுனேன். ஆரு கேட்டாலும் அப்புடித்தான். அம்மிணி, நீயும் கேட்டுக்க."

கவிதா அழுதுகொண்டே தலையாட்டினாள். அருக்காணி சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். கிழிந்த உதட்டில் காரம் பட்டு அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அவளுக்குச் சும்மாவே வந்தது.

மறுநாள் சாயங்காலம் ஒரு டஜன் வாழைப்பழத்தோடு பட்டாபி வந்து நின்றார். மத்திய அரசில் ஏதோ ஒரு செக்‌ஷனில் முப்பத்திரண்டு வருஷம் ஃபைல் தள்ளி ஓய்வு பெற்றவர். இப்போது பவேஜாவுக்கு ஏற்றுமதிக் காகிதமெல்லாம் அவர் கைதான். டிராக்டர் லேபிள் கட்டுகளை மாதாமாதம் பையில் கொண்டுவந்து கொடுத்ததும் அவர்தான். தமிழ் பேசுகிறவர் என்பதால் பொங்கலுக்குப் பொங்கல் அவருக்கு மஞ்சளும் வெல்லமும் கொடுத்துவிடுவாள் அருக்காணி.

"ராமா, இப்படியா அடிப்பான் அந்தக் கிராதகன்," என்று நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் ஊர்ல இல்ல பாரு. இருந்தா விட்டிருப்பேனா? சரி, போனது போகட்டும். நல்ல சேதி கொண்டுவந்திருக்கேன். இதுக்கு ஒரு வழி இருக்கு."

"என்ன வழிங்க சாமி?" என்றான் இராஜமாணிக்கம்.

"முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோ. இந்தத் தடை இருக்கே, அது அமெரிக்காக்காரன் தனியாப் போட்டது. ஐ.நா. சபை போட்டா நம்ம கவர்மெண்ட் கேட்டுக்கும். இவன் தனியாப் போட்டா இங்க அது சட்டமே இல்ல. ரஷ்யாவுக்குச் சரக்கு அனுப்பிச்சதுக்காக உன்னை இங்க ஒருத்தனும் கேக்க முடியாது."

"அப்பறம் எதுக்குங்க பேங்க்கு நிறுத்தறான்? எதுக்கு எங்க பொழப்புல மண்ணு?" அருக்காணி கேட்டாள்.

"டாலர் அவனோடதும்மா. அவன் பட்டியல்ல பேர் வந்துடுத்துன்னா உலகத்துல எந்த பேங்க்கும் தொடாது. தொட்டா அதையும் பட்டியல்ல போட்டுடுவான். சட்டம் இங்க இல்ல, பயம் இருக்கு. அவ்வளவுதான். ஆனா பேரை எடுக்கச் சொல்லி மனு போடலாம். 'கம்பெனிக்குத் தெரியாது, ஒரு வேலைக்காரன் தன்னிஷ்டத்துக்குப் பண்ணிட்டான், அவனை வெளியே அனுப்பிச்சாச்சு'ன்னு காட்டினா கேப்பான். அந்த வேலைக்காரன் எழுதிக் குடுக்கணும். அச்சா?"

பையிலிருந்து நாலு பக்கம் ஆங்கிலத்தில் டைப் அடித்த காகிதத்தை எடுத்தார். "உனக்கு ஒரு ஆபத்தும் இல்ல. பவேஜா பத்தொன்பது பேரையும் திரும்ப எடுத்துக்கறேன்னுட்டான். உனக்கு வேற இடத்துல பாத்துத் தரேன்னுட்டான். ஒரு கையெழுத்து. ஜல்தி முடிச்சுடலாம்."

"நான் படிக்கட்டுமா அங்கிள்?" என்று கவிதா காகிதத்தை வாங்கினாள். பட்டாபிக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் பிடுங்கவும் முடியவில்லை. அவள் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். மூன்றாம் பக்கத்தில் நின்றாள்.

"இந்த ஏழாவது பாயிண்ட். 'லேபிள் மாத்தினதும், ஷிப்பிங் பில்லுல சரக்கு விவரத்தை மாத்திக் குடுத்ததும் நான்தான்.' யே க்யா ஹை அங்கிள்? அப்பாக்கு ஷிப்பிங் பில் என்னன்னே தெரியாது."

"அது ஒரு ஃபார்மாலிட்டிம்மா."

"இல்ல அங்கிள். அமெரிக்கா தடை இங்க சட்டம் இல்ல, டீக் ஹை. ஆனா கஸ்டம்ஸ்ல பொய் விவரம் குடுக்கறது இங்கயே குத்தம். இது நம்ம சட்டம். எனக்கு காலேஜ்ல பாடமா இருக்கு. ஜெயில் இருக்கு அதுக்கு."

பட்டாபி காகிதத்தை மெல்ல வாங்கி மடித்தார். குரல் மாறவில்லை. "குழந்தை ரெண்டு புஸ்தகம் படிச்சுட்டுப் பேசறது. இராஜமாணிக்கம், நாளைக்குப் பதினோரு மணிக்கு குடோனுக்கு வா. நோட்டரி வரான். வரலேன்னா பவேஜா அவன் அடியாள் பல்பீரை அனுப்புவான். ஆத்துல வயசுக்கு வந்த பொண்ணு இருக்கா. நான் சொல்றதைச் சொல்லிட்டேன்."

அவர் போனதும் வாழைப்பழச் சீப்பைத் தூக்கி அருக்காணி தெருவில் எறிந்தாள்.

"மஞ்சளும் வெல்லமும் தின்ன வாயி," என்றாள். "லேபிளக் கொண்டாந்து குடுத்தவன் அவன். ஒட்டுனவங்க நாம. ஜெயிலுக்கு நீங்க போகோணுமா?"

"கையெழுத்துப் போட மாட்டேன்," என்றான் இராஜமாணிக்கம். "அடிச்சா அடிக்கட்டும். அடிக்குச் சாகறவன் இல்ல நான். நாளைக்கு நானே போய்ச் சொல்லிப்போட்டு வந்தர்றேன். இல்லீன்னா இங்க வந்துருவானுக."

"நானும் வர்றனுங்க."

"நீ வர வேண்டாம்."

"வருவேன்," என்றாள்.

மறுநாள் பத்தரைக்கே வானம் செம்பழுப்பாகிவிட்டது. ஆந்தி என்கிற புழுதிப்புயல் கிளம்பியிருந்தது, கரோல் பாக் முழுக்கக் கண்ணைத் திறக்க முடியாத மண். கடைகளின் தகரங்கள் அடித்துக்கொண்டன. பேஸ்மென்டில் பவேஜா, பட்டாபி, கூடவே பல்பீர். பல்பீருக்கு வேலை என்று எதுவும் கிடையாது. வாடகை தராதவனைக் காலி செய்ய, மிரட்ட, பவேஜா வைத்திருக்கும் ஆள். நோட்டரி மேலே டீக்கடையில் உட்கார்ந்திருந்தான். முத்திரை மட்டும்தான் அவன் வேலை, மற்றதை அவன் பார்க்கமாட்டான்.

"போட மாட்டேங்க," என்றான் இராஜமாணிக்கம்.

பல்பீர் எழுந்து வந்தான். அவனை முழங்காலில் தள்ளி, இடது கையை இழுத்துப் பட்டறை மேசையில் இருந்த இரும்பு இடுக்கியில் வைத்துத் திருகினான். இராஜமாணிக்கம் போட்ட கூச்சல் ஆந்திச் சத்தத்தில் மேலே யாருக்கும் கேட்டிருக்காது. அருக்காணி பாய்ந்தாள். பவேஜா அவள் வயிற்றில் உதைத்தான். மூச்சு நின்று பெட்டிகளின் மேல் போய் விழுந்தாள்.

"இடது கைதாண்டா அது," என்றார் பட்டாபி, ஏதோ சமாதானம் சொல்கிற மாதிரி. "வலது கையால போட்டுடு. வலி எதுக்கு? போடுப்பா."

"போட மாட்டேன்."

இன்னொரு திருகு. எலும்பு நொறுங்கியது அருக்காணிக்குக் காதில் கேட்டது. சுண்டு விரலும் மோதிர விரலும் சப்பையாகி நகத்தடியில் ரத்தம் கொப்பளித்தது. அவன் தலை தொங்கியது, ஆனால் வலது கை பேனாவைத் தேடவில்லை. அவளால் அதற்கு மேல் முடியவில்லை. முந்தாநாள் முதுகில் விழுந்ததும் இன்று விரலில் விழுந்ததும் எல்லாம் அவளுக்கு விழ வேண்டியது.

"உடுங்க அவர," என்று அலறினாள். "அவரு எழுதுல. மூடியில எழுதுனது நானு. என்ற எழுத்து. சத்தியமா என்ற எழுத்து. அவரு ஒன்னுமே பண்ணுல, உடுங்க சாமி."

பட்டாபி நிமிர்ந்து பார்த்தார். பல்பீர் கையை நிறுத்தினான். இடுக்கி தளர்ந்ததும் இராஜமாணிக்கம் தள்ளாடி எழுந்து நேரே அவளிடம் வந்தான். வந்த வேகத்தில் உடையாத கையால் ஓங்கி அறைந்தான். அவள் கன்னம் தெறித்துவிட்டது. கல்யாணமாகி இருபத்துநாலு வருஷம், குடித்தால்கூட அவள் மேல் கை வைத்தவனில்லை.

"பொய்யி சொல்றா," என்று கத்தினான். "என்னையக் காப்பாத்தறதுக்குப் பொய்யி சொல்றா. அவளுக்கு எழுதவே தெரியாதுங்க. ஜூட் ஹை, மாலிக், ஜூட்."

சொல்லிக்கொண்டே அழுதான். அந்த அழுகையிலேயே யார் சொன்னது நிஜமென்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அருக்காணி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். அவளுக்கு அவன்மேல் கோபமே வரவில்லை. இப்படிப்பட்ட ஒருத்தனுக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறோமே என்றுதான் தோன்றியது.

பட்டாபி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். மேசை மேல் காகிதத்தை நீவினார்.

"பேஷாப் போச்சு," என்றார். "ஒருத்தர் பண்ணினார்ங்கறதைவிட ரெண்டு பேர் சேர்ந்து பண்ணினாங்கறது இன்னும் நம்பும்படியா இருக்கும். உன் எழுத்தையும் ஒத்துப் பாத்துக்கட்டும், சரியாப் போயிடும். உன் பேரையும் சேத்துடறேன் அருக்காணி. ரெண்டு பேரும் போடுங்கோ."

பேனா மூடியைத் திறந்து, இராஜமாணிக்கம் பேருக்குப் பக்கத்தில் அவள் பேரை எழுத ஆரம்பித்தார். அழகான கையெழுத்து அவருக்கு. முப்பத்திரண்டு வருஷம் எழுதிய கை.

பெட்டிக்கு இரும்புப் பட்டை இறுக்குகிற கருவி ஒன்று உண்டு. மூன்று கிலோ இருக்கும், நீளக் கைப்பிடி. பதினேழு வருஷமாகத் தினமும் அவள் பிடித்துப் பிடித்துக் கைப்பிடி வழவழவென்று ஆகிவிட்ட சாமான். அதைப் போய்த் தேட வேண்டியதில்லை, அது அவள் விழுந்த இடத்திலேயே கிடந்தது. எடுத்தாள். எழுதிக்கொண்டிருந்த கை மேல் போட்டாள்.

மணிக்கட்டு மேசையோடு நசுங்கியது. இரண்டாவது அடி தோள்பட்டையில். காரை எலும்பு முறிந்து அவர் நாற்காலியோடு சரிந்தார். மூன்றாவதை முழங்காலில் போட்டாள். பல்பீர் பின்னாலிருந்து அவள் கூந்தலைப் பிடித்து இழுத்து முகத்தில் குத்தினான். அவள் அவன் முன்கையில் பல்லைப் பதித்தாள், சதை வாயோடு வரும்வரை விடவில்லை. பவேஜா படியை நோக்கி ஓடினான். தலைதெறிக்க மேலே போய் அவன் போட்ட கூச்சலில்தான் சந்து முழுக்கக் கூடியது. எதிர்க்கடைக்காரன் போலீசுக்குப் போன் செய்தான்.

பட்டாபியை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள், உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். இராஜமாணிக்கத்தின் விரல்களுக்கு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். மூன்று மணிக்கு மற்றவர்கள் ஸ்டேஷனில் இருந்தார்கள். ஆந்தி ஓய்ந்து, நாலு துளி தூறி, வாசலில் மண்வாசம் அடித்தது. கவிதா காலேஜிலிருந்து ஓடி வந்திருந்தாள்.

பவேஜா இப்போது வேறு ஆளாகியிருந்தான். பெண் சப்-இன்ஸ்பெக்டரிடம் கைகூப்பினான். குடும்பம் மாதிரி இருக்கிறவர்கள், சின்ன வாய்த்தகராறு, பட்டாபிஜியும் புகார் வேண்டாம் என்கிறார், கேஸ் எழுத வேண்டாம், சமாதானமாகப் போய்விடலாம் என்றான். ஏற்கெனவே ஒரு பட்டியலில் இருக்கிறவனுக்குப் போலீஸ் காகிதத்தில் இன்னொரு தரம் பேர் வருவது எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாதா? அருக்காணியின் பக்கம் திரும்பி, "பெஹன்ஜி, வீட்டுக்குப் போங்க, காகிதம் எதுவும் வேண்டாம், எல்லாம் மறந்துடலாம்" என்றான்.

சப்-இன்ஸ்பெக்டர் அருக்காணியைப் பார்த்தாள். "நீ என்ன சொல்கிறாய்? சமாதானம் என்றால் இப்போதே போகலாம். இல்லையென்றால் நீ ஒரு கிழவனை மூன்று இடத்தில் உடைத்திருக்கிறாய். உள்ளே போவாய்." கவிதா அதைத் தமிழில் சொன்னாள்.

இராஜமாணிக்கம் கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் காதருகே குனிந்தான். "சரீன்னு சொல்லு அருக்காணி. ஊட்டுக்குப் போயிர்லாம். உனக்குப் புண்ணியமாப் போகுது."

"போனா? அடுத்த வாரம் அதே பேப்பரத் தூக்கிட்டு வருவான். இன்னொரு பட்டாபியக் கூட்டிட்டு வருவான். உங்களுக்கு இன்னம் எட்டு விரலு இருக்குதுங்க."

"உள்ள போட்ருவாங்கடி. நான் இவ்வளவு அடி வாங்குனது எதுக்கு? நீ போகக்கூடாதுன்னு தான."

"தெரியுமுங்க." அவள் அவன் கன்னத்தைத் தொட்டாள். அவள் கன்னத்தில் அவன் ஐந்து விரலும் இன்னும் பதிந்திருந்தது. "அந்தப் பேப்பருல எழுதுனது ஒன்னும் நாம செஞ்சதில்ல. அதுக்கு நீங்களும் போகக்கூடாது, நானும் போகமாட்டேன். இது நான் செஞ்சது. இதுக்குப் போறனுங்க."

பிறகு மகளைப் பார்த்தாள். "அம்மிணி, அழுகாம சொல்லு அவங்ககிட்ட. சமாதானம் வேண்டாமாம்னு சொல்லு. எழுதச் சொல்லு. எதுக்கு அடிச்சேன்னும் சேத்து எழுதச் சொல்லு. லேபிளு ஆரு கொண்டாந்தான்னு, பெட்டி எங்க போச்சுன்னு, உங்கொப்பன் விரல ஆரு நசுக்குனான்னு, ஒட்டுக்கா எழுதோணும். நான் மெதுவாச் சொல்றேன்."

கவிதா மூக்கை உறிஞ்சிக்கொண்டு இந்தியில் சொல்லத் தொடங்கினாள். பவேஜா எழுந்து நின்று ஏதோ குறுக்கே பேசினான். சப்-இன்ஸ்பெக்டர் அவனை உட்காரச் சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தாள்.